கொதிக்க வைக்கக் கூடாத தலை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் கடைசி என்றால் மான் வேட்டைக் காலம். தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாட்கள் துப்பாக்கி வேட்டைக்கு அனுமதி உண்டு. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உரிமம் வாங்கிக்கொண்டு வெள்ளைவால் மானைத் தேடிப் போகிறார்கள். இறைச்சி ஃப்ரீசருக்குள் போய்விடும். கொம்போடு கூடிய தலை மட்டும் காரேஜ் மூலையில் ஒரு வாளிக்குள் காத்திருக்கும்.

அடுத்த வாரம் பல வீடுகளில் ஒரே கதைதான். வான்கோழி பொரிக்க வாங்கிய பெரிய அலுமினியப் பானை வெளியே வரும். கேஸ் அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். இறைச்சி தானாகக் கழன்றுவிடும் என்ற நம்பிக்கையில் தலையை உள்ளே இறக்கிவிட்டு வீட்டுக்காரர் டி.வி. பார்க்கப் போய்விடுவார். மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் இறைச்சி கழன்றிருக்கும். கூடவே மூக்கெலும்புகள் இரண்டும் கழன்றிருக்கும். பற்கள் பானையின் அடியில் கிடக்கும். மண்டையோட்டின் பொருத்துவாய்கள் விரிசல் விட்டிருக்கும். காய்ந்த பிறகு எலும்பு வறண்டு, சுண்ணாம்படித்த சுவர் மாதிரி இருக்கும். சில மாதம் போனால் நெற்றியில் மஞ்சள் திட்டுகள் தலைகாட்டும்.

அந்தப் பானைக்குள் நடந்தது என்ன என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஆட்டுக்கால் பாயா வைக்கிற சமையலறை போதும்.

பாயாவை நெடுநேரம் கொதிக்கவிட்டு, மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலையில் அது குழம்பாக இருப்பதில்லை; ஜெல்லியாக உறைந்திருக்கும். தட்டினால் ஆடும். அந்த ஜெல்லி ஜெலட்டின். நேற்றுவரை அது ஆட்டின் காலில் கொலாஜன் என்ற புரதமாக, எலும்பையும் தசைநாரையும் சேர்த்துப் பிடித்திருந்தது. முறுக்கேறிய கயிறு போன்ற அந்தப் புரதம் வெந்நீரில் முறுக்கு அவிழ்ந்து கரைந்து வெளியே வந்துவிட்டது. பாயாவுக்கு அதுதான் ருசி. சுவரில் மாட்ட வேண்டிய மண்டையோட்டுக்கு அதுதான் கேடு.

எலும்பைக் கல் என்று நினைப்பதால் வருகிற பிழை இது. உலர்ந்த எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன். தாது அழுத்தத்தைத் தாங்குகிறது. கொலாஜன் இழுப்பையும் வளைவையும் தாங்குகிறது. சிமென்ட்டும் கம்பியும் சேர்ந்து கான்கிரீட் தூணாவதைப் போல இரண்டும் சேர்ந்தால்தான் எலும்பு. கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சில நாட்கள் வினிகரில் ஊறப்போட்டால் தாது கரைந்துபோய், எலும்பு ரப்பர் போல வளையும். இன்னொரு எலும்பை அடுப்பு நெருப்பில் நன்றாகச் சுட்டால் கொலாஜன் எரிந்துபோய், விரலால் அழுத்தினாலே பொடியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டிவிட்டால் பாடப்புத்தகத்தில் பத்துப் பக்கம் தேவையில்லை.

மண்டையோட்டைச் சுத்தம் செய்கிறவரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவர் நீக்க நினைக்கும் தசை, சவ்வு, தசைநார் எல்லாம் புரதம். அவர் காப்பாற்ற நினைக்கும் எலும்பை எலும்பாக வைத்திருப்பதும் புரதம். முன்னதைக் கரைக்கும் எதுவும் பின்னதையும் கரைக்கத் தயாராக இருக்கிறது. நல்ல வேளையாக, எலும்புக்குள் இருக்கும் கொலாஜன் இழைகளைத் தாதுப் படிகங்கள் கவசம்போல மூடியிருக்கின்றன. அந்தக் கவசம் ஓரளவு வெப்பத்தையும் ஓரளவு ரசாயனத்தையும் தாங்கும். தசை போய், கவசம் நிற்கிற இடைவெளி ஒன்று உண்டு. நல்ல முறைகள் எல்லாம் அந்த இடைவெளிக்குள் நின்று வேலை செய்பவை.

சுவரில் ஏறிய கொம்பு

தோல், கண்ணாடிக் கண் எதுவும் இல்லாமல் வெள்ளை மண்டையோட்டையும் கொம்பையும் மட்டும் பலகையில் பொருத்தி மாட்டுவதை அமெரிக்கர்கள் 'யூரோப்பியன் மவுன்ட்' என்கிறார்கள். பெயரே பூர்விகத்தைச் சொல்லிவிடுகிறது. ஜெர்மானிய நாடுகளின் வேட்டை மாளிகைகளில் இது பல நூற்றாண்டுப் பழக்கம். டிரெஸ்டன் நகருக்கு அருகே உள்ள மோரிட்ஸ்பர்க் அரண்மனையின் விருந்துக் கூடத்தில் 71 செம்மான் கொம்புகள் மாட்டியிருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியதன் அகலம் ஏறத்தாழ 2 மீட்டர், எடை ஏறத்தாழ 20 கிலோ. வேறொரு கூடத்தில் விபரீதமாக வளர்ந்த கொம்புகளுக்கென்றே தனி வரிசை. பிராண்டன்பர்க் ஆட்சியாளர் 1696இல் சுட்ட, 66 முனைகள் கொண்டதாகப் பேர்பெற்ற கொம்பு அங்கே இருக்கிறது. முந்நூறு ஆண்டுகள் கழித்தும் அவை உதிராமல் நிற்பதைப் பார்த்தால் எலும்பின் ஆயுள் விளங்கும். கையாள்கிறவர் கெடுக்காதவரை எலும்பு லேசில் கெடுவதில்லை.

தமிழில் 'கொம்பு' என்ற ஒரே சொல் இரண்டு வேறு பொருள்களுக்குப் பயன்படுகிறது. 'மான்' என்ற சொல்லும் அப்படித்தான். சென்னை கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் ஒரே புல்வெளியில் மேய்கின்றன. புள்ளிமானின் கிளைத்த கொம்பு முழுக்க எலும்பு. முளைத்து, வளர்ந்து, உதிர்ந்து, மறுபடி முளைப்பது. வெளிமானின் முறுக்கிய கொம்போ ஆட்டுக்கொம்பு, மாட்டுக்கொம்பு வகை: உள்ளே எலும்புத் தண்டு, மேலே நகத்தை ஆக்கிய அதே கெரட்டினால் ஆன உறை. அது உதிர்வதில்லை. தலையைச் சுத்தம் செய்யும்போது இந்த வேறுபாடு கைக்குத் தெரியும். ஆட்டுத்தலையைத் தண்ணீரில் ஊறவைத்தால் நாளடைவில் கொம்புறை தொப்பிபோலக் கழன்று கையோடு வந்துவிடும். புள்ளிமான், வெள்ளைவால் மான், செம்மான் வகைகளில் கழற்ற எதுவும் இல்லை. கொம்பும் மண்டையும் ஒரே எலும்பு.

உதிரும் கொம்பு, பாலூட்டிகளின் உடலில் மிக வேகமாக வளரும் எலும்பு. வட அமெரிக்காவின் எல்க் மானுக்கு வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது ஒரு நாளில் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் கூட நீளும். வளரும்போது மேலே மென்மயிர்த் தோல் போர்த்தியிருக்கும். உள்ளே ரத்த நாளங்கள் ஓடும். கோடை முடிவில் ரத்த ஓட்டம் நின்று தோல் காய, மான் மரங்களில் தேய்த்துத் தேய்த்து அதை உரித்துவிடும். அந்தத் தேய்ப்பில்தான் கொம்புக்கு நிறம் ஏறுகிறது. காய்ந்த ரத்தம், மரப்பட்டைச் சாறு, டானின், மண் எல்லாம் சேர்ந்த பழுப்பு அது. அடியில் இருப்பது வெள்ளை எலும்புதான். மண்டையை வெளுக்கும் நாளில் இந்த உண்மையை மறந்தவர்கள் கொம்பையும் சேர்த்து வெளுத்துவிட்டு வருந்துவார்கள்.

கொம்பில் இன்னொரு அதிசயம்: அதில் கால் எலும்பைவிடத் தாது குறைவு, கொலாஜன் அதிகம். அதனால் விறைப்பு குறைந்து உரம் கூடுகிறது. இணைசேரும் பருவத்தில் இரு ஆண் மான்கள் முட்டிக்கொள்ளும்போது கொம்பு நொறுங்காமல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது இதனால்தான்.

புழுக்களின் வேலை

மான் தலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் எங்கே கவனம் தேவை என்பது தெரியும். மூக்குக்குள், சுருட்டிய காகிதம்போல மெல்லிய எலும்புச் சுருள்கள் இருக்கும். மூச்சுக்காற்றைச் சூடாக்கவும், வாசனையை முகரும் சவ்வை விரித்துவைக்கவும் அவை உதவுகின்றன. கண்ணுக்கு முன்னால், மூக்கெலும்பு ஓரத்தில், மானினத்தில் காணப்படும் திறப்பு ஒன்று எலும்பில்லாமல் ஓட்டையாக நிற்கும். மேல்தாடையின் முன்பகுதியில் வெட்டுப்பற்களே கிடையாது. கெட்டியான ஈறு மெத்தைதான். கீழ்த்தாடையின் எட்டு முன்பற்கள் அந்த மெத்தையில் அழுத்திப் புல்லைப் பறிக்கும். கடைவாய்ப் பற்கள் மேலும் கீழுமாக 24. ஆக, வெள்ளைவால் மானுக்கு மொத்தம் 32 பற்கள். கீழ்த்தாடையும் நம்முடையதைப் போல ஒற்றை எலும்பு கிடையாது. இடதும் வலதும் முன்னால் நாரால் மட்டும் ஒட்டியிருப்பதால், நார் போனதும் இரண்டாகப் பிரிந்துவிடும். பிரிந்த துண்டைப் பார்த்து, தாம்தான் உடைத்துவிட்டோம் என்று பதறுகிறவர்கள் உண்டு.

இத்தனை நுணுக்கமான அமைப்பிலிருந்து இறைச்சியை மட்டும் எடுப்பதற்கு மிகப் பழைய வழி தண்ணீரில் அழுகவிடுவது. தோலுரித்து, கண், நாக்கு, மூளை எல்லாம் எடுத்த தலையைத் தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு மூடிவிட வேண்டும். மிச்சத்தைப் பாக்டீரியாக்கள் பார்த்துக்கொள்ளும். குளிர்ந்த நீரில் மாதக்கணக்காகும். 30 முதல் 40 டிகிரி வெதுவெதுப்பில் வைத்தால் ஒன்றிரண்டு வாரங்களில் முடியும். எலும்புக்கு இது மிகவும் இதமான முறை. நாற்றம் மட்டும் தெருவே தாங்காது. பற்களும் மூக்கெலும்பும் கழன்று வாளியின் அடியில் கிடக்கும் என்பதால், அழுக்குத் தண்ணீரைச் சல்லடை வழியாக வடித்து ஒவ்வொன்றையும் பொறுக்கியெடுக்க வேண்டும்.

அவசரக்காரர்கள் அடுப்பைத்தான் நாடுகிறார்கள். அடுப்பிலும் ஒரு நல்ல வழி உண்டு. தண்ணீர் கொதிக்கவே கூடாது. மேலே ஆவி பறக்க வேண்டும். குமிழி வரக் கூடாது. அந்தச் சூட்டில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தலையை வெளியே எடுத்து, தளர்ந்த இறைச்சியைச் சுரண்டிவிட்டு, தண்ணீரை மாற்றி மறுபடி வைப்பார்கள். சிலர் வேகம் கூட்டச் சலவைச் சோடாவைப் போடுகிறார்கள். சிறிதளவு என்றால் பாதகமில்லை; கைப்பிடியாகப் போட்டால் அந்தக் காரம் எலும்பின் மேற்பரப்பைத் தின்றுவிடும்.

இவையெல்லாவற்றையும் விட நேர்த்தியாக வேலை செய்யும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள்.

டெர்மெஸ்டிஸ் மாக்குலேட்டஸ் என்பது அந்த வண்டின் அறிவியல் பெயர். தமிழகக் கடற்கரையில் கருவாடு வியாபாரம் செய்பவர்களுக்கு இந்தக் குடும்பம் அறிமுகமானதுதான். மூட்டையைப் பிரிக்கும்போது கருவாட்டைச் சல்லடையாக்கி வைத்திருக்கும் மயிரடர்ந்த பழுப்புப் புழு, இந்த இனத்தின் அல்லது இதன் நெருங்கிய உறவின் இளம்பருவம். பட்டுக்கூட்டுக் கிடங்குகளிலும் பச்சைத்தோல் மண்டிகளிலும் இந்த வண்டுகள் நஷ்டம் உண்டாக்குகின்றன. எகிப்திய மம்மிகளுக்குள்ளேயும் இவற்றின் எச்சம் கிடைத்திருக்கிறது. காய்ந்த புரதம் எங்கே இருந்தாலும் தேடி வருவது இதன் இயல்பு. காட்டில் இறந்த விலங்கை ஈக்கள் தின்று முடித்த பிறகு, காய்ந்து ஒட்டிய தோலையும் நாரையும் தின்று முடிப்பது இதன் பங்கு.

இந்தக் கொள்ளைக்காரனை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கண்டவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் பணியாற்றிய சார்லஸ் டீன் பங்கர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வண்டுகளைப் பெட்டியில் வளர்த்து எலும்புக்கூடுகளைச் சுத்தம் செய்யப் பழக்கினார். அதே கன்சாஸில் படித்த ரேமண்ட் ஹால், வார்டு ரஸலுடன் சேர்ந்து 1933இல் இந்த முறையை ஆய்விதழில் விவரித்து எழுதினார். இன்று சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போன்ற பெரிய நிறுவனங்கள் இந்த வண்டுகளுக்கென்றே தனியறை வைத்திருக்கின்றன.

அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பது மறக்க முடியாத அனுபவம். உரித்து, ஓரளவு காயவைத்த தலையை உள்ளே வைத்ததும் வளர்ந்த வண்டுகள் சாவகாசமாக ஊர்ந்து வரும். உண்மையான வேலைக்காரர்கள் புழுக்கள்தான். வெளிச்சத்துக்கு அஞ்சி அவை கண்குழிக்குள்ளும் மூக்குக்குள்ளும் நுழைந்துவிடும். காதை அருகில் கொண்டுபோனால், காய்ந்த சருகில் தூறல் விழுவது போன்ற ஒரு சன்னமான படபடப்பு கேட்கும். ஆயிரக்கணக்கான தாடைகள் அரைக்கிற ஒலி அது. நம் கத்தியோ தூரிகையோ எட்டாத மூக்குச் சுருள்களுக்குள் சின்னஞ்சிறு புழு புகுந்து, காகித எலும்பு ஒன்றுகூட உடையாமல் சவ்வை மட்டும் தின்றுவிட்டு வெளியே வரும். செழிப்பான கூட்டமாக இருந்தால் ஒரு மான் தலை சில நாட்களில் முடிந்துவிடும்.

புழு கொலாஜனையும் தின்னுமே, எலும்பு எப்படித் தப்புகிறது? தாதுக் கவசம்தான் காப்பாற்றுகிறது. அரைப்பதற்குக் காய்ந்த மென்புரதம் இருக்கும்வரை புழு கடினமான எலும்பை நாடுவதில்லை. இறைச்சி தீர்ந்த பிறகும் தலையை உள்ளேயே விட்டுவிட்டால் பற்களைப் பிடித்திருக்கும் நாரும், மெல்லிய குருத்தெலும்பும், எலும்பு விளிம்புகளும் போகத் தொடங்கும். எனவே நேரம் பார்த்து எடுத்துவிட வேண்டும். எடுத்ததும் உறைகுளிரில் சில நாட்கள் வைத்து, ஒளிந்திருக்கும் புழுவையும் முட்டையையும் கொன்றாக வேண்டும். இல்லாவிட்டால் அதே வண்டு அருங்காட்சியகத்தின் பதப்படுத்திய பறவைத் தோல்களுக்கும் பூச்சிச் சேகரிப்புகளுக்கும் போய்விடும். ஒரே கட்டடத்தில் ஒரு பூச்சியை ஊதியமில்லாத ஊழியனாகவும் கொடிய பகைவனாகவும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள் அங்குள்ள பணியாளர்கள்.

எண்ணெய், வெண்மை, பூச்சு

இறைச்சி போன மண்டையோடு சுத்தமாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் எலும்பின் உட்பகுதி ஸ்பாஞ்சு. அதன் கண்ணறைகளில் கொழுப்பு இருக்கிறது. கொதிக்க வைத்தவர்களுக்கு மஞ்சள் திட்டு வருவதற்குக் காரணம், உருகிய கொழுப்பு வெந்நீரோடு எலும்புக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிடுவது. பிறகு அது மெல்ல மெல்ல மேலே கசிகிறது. மானுக்குக் கொழுப்பு குறைவு. பன்றி, கரடி மண்டையோடுகளோடு போராடுகிறவர்கள் மாதக்கணக்கில் போராடுகிறார்கள்.

எலும்புக் கொழுப்பின் பிடிவாதத்தை அறிய அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு திமிங்கல அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 1998இல் கப்பல் மோதி இறந்த இளம் நீலத்திமிங்கலம் ஒன்றின் எலும்புக்கூடு 2000ஆம் ஆண்டு முதல் அங்கே கூரையிலிருந்து தொங்குகிறது. அது இன்னும் எண்ணெய் வடித்துக்கொண்டிருக்கிறது. வடியும் எண்ணெயைக் குழாய் வைத்துக் கண்ணாடிக் குடுவையில் சேர்த்து, பார்வையாளர்களுக்கே காட்டுகிறார்கள்.

மான் மண்டைக்கு இத்தனை பாடு இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து ஊறப்போட வேண்டும். தண்ணீர் கலங்கும், ஊற்றிவிட்டுப் புதிது மாற்ற வேண்டும். சில நாட்கள் ஊறியும் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் கொழுப்பு போய்விட்டது என்று பொருள். இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பிற்பாடு பூச்சைக் குறை சொல்கிறார்கள்.

அடுத்தது வெண்மை. வெளுப்பது என்றதும் கை போவது துணி வெளுக்கும் குளோரின் பிளீச்சுக்கு. எலும்புக்கு அதைப் போல எதிரி இல்லை. அதிலுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் புரதத்தைத் துண்டுதுண்டாக வெட்டும். எலும்பிலிருந்து கொலாஜனை வேண்டுமென்றே நீக்கித் தாதுவை மட்டும் ஆராய விரும்பும் விஞ்ஞானிகள் பயன்படுத்துவதே இதைத்தான் என்றால், அலங்கார மண்டையோட்டின் கதி என்ன ஆகும்? முதல் நாள் பளிச்சென்று இருக்கும். பிறகு மேற்பரப்பு மாவாக உதிரும். நீரில் அலசினாலும் உள்ளே ஊறிய பிளீச் வேலையை நிறுத்துவதில்லை.

ஹைட்ரஜன் பெராக்சைடுதான் சரியான மருந்து. மருந்துக்கடையில் கிடைப்பது 3 சதவீதக் கரைசல். முடிதிருத்தும் அழகு நிலையங்களுக்கு வருவது '40 வால்யூம்' என்ற பெயரில் ஏறத்தாழ 12 சதவீதம். வால்யூம் கணக்கு எளிது: அந்தத் திரவம் ஒரு லிட்டர் முழுக்கச் சிதைந்தால் 40 லிட்டர் ஆக்சிஜன் வெளிவரும். வெளிவரும்போது அந்த ஆக்சிஜன் நிறமுள்ள கரிமப் பொருள்களைச் சிதைத்து நிறமிழக்கச் செய்கிறது. முடிவில் எஞ்சுவது தண்ணீர் மட்டுமே. 3 சதவீதக் கரைசலில் நாள்கணக்கில் ஊறவைப்பது பாதுகாப்பு. 12 சதவீதப் பசையைத் தூரிகையால் பூசி, பஞ்சால் போர்த்தி, மேலே பிளாஸ்டிக் சுற்றுவது விரைவு. கையுறை கட்டாயம்; தோலில் பட்டால் அந்த இடம் வெளுத்து எரியும். ஊறவைத்த பாத்திரத்தை இறுக மூடக் கூடாது. சேரும் வாயு மூடியைப் பிய்த்தெறியும்.

இந்தக் கட்டத்தில் கொம்பின் அடிப்பகுதி, முண்டுமுண்டான வளையம் வரை, பிளாஸ்டிக்கும் டேப்பும் சுற்றி வைத்திருக்க வேண்டும். பஞ்சு நுனி வழியே பெராக்சைடு ஏறினால் பழுப்புக் கொம்பில் வெள்ளை மாலை போட்டதுபோல ஆகிவிடும். அப்படி ஆனாலும் திருத்தம் உண்டு: பொட்டாசியம் பெர்மாங்கனேட். நீரில் கரைத்தால் கத்தரிப்பூ நிறம். கொம்பில் பூசியதும் கரிமப் பொருளோடு வினைபுரிந்து மாங்கனீஸ் டை ஆக்சைடாக மாறி, காயக் காயப் பழுப்பேறும். மென்துணியால் முனைகளைத் தேய்த்துவிட்டால், மான் மரத்தில் தேய்த்து மெருகேற்றிய முனைபோலவே வெளிறி நிற்கும். பதப்படுத்துவோர் பல தலைமுறையாகக் கைக்கொள்ளும் உத்தி இது.

குளோரின் பிளீச்சுக்கும் இந்த வேலையில் ஓர் இடம் உண்டு. எலும்பின் மேல் அல்ல, கத்தியின் மேல். 1967இல் கொலராடோ மாநிலத்தில், அடைத்து வளர்த்த மான்களிடம் ஒரு விசித்திர நோய் தென்பட்டது. மான்கள் மெலிந்து, எச்சில் வடித்து, தள்ளாடி இறந்தன. சி.டபிள்யூ.டி. என்ற அந்த நலிவு நோய்க்குக் காரணம் கிருமி இல்லை. பிரியான் என்ற, மடிப்புப் பிசகிய புரதம். இந்த நோய் 2002இல் விஸ்கான்சினுக்கு வந்தது. இன்று அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. 2016இல் நார்வேயின் காட்டு ரெயின்டீர் மந்தை ஒன்றில் கண்டறியப்பட்டபோது, அந்த மந்தையின் 2,000க்கும் மேற்பட்ட மான்களையும் அரசு கொன்று தீர்த்தது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை.

பிரியான் மிகுதியாகச் சேர்வது மூளையிலும் தண்டுவடத்திலும் நிணநீர் முடிச்சுகளிலும். அதாவது, சுத்தம் செய்கிறவர் கை வைக்கும் இடத்தில்தான். கொதிநீர் அதை அழிக்காது. அதனால்தான் பல மாநிலங்களில் முழுத்தலையை எல்லை கடத்துவது குற்றம். மூளைத்திசு துளியுமில்லாத மண்டையோட்டை மட்டும் கொண்டுபோகலாம். பின்மண்டைத் துளை வழியே கம்பி விட்டுக் கலக்கி, தண்ணீர் பீய்ச்சி மூளையை எடுக்கும் வேலை இப்படிச் சட்டப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது. தெறிக்கும் நீருக்கு முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். வேலை முடிந்ததும் கருவிகளில் ஒட்டிய திசுவைத் தேய்த்துக் கழுவி, 40 சதவீத வீட்டு பிளீச் கலந்த நீரில் ஐந்து நிமிடம் மூழ்கவைத்தால் எஃகின் மேலுள்ள பிரியான் செயலிழக்கிறது என்று 2019இல் அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். திசுத் துண்டு ஒட்டியிருந்தால் அதனுள் பிளீச் ஊடுருவாது. தேய்த்துக் கழுவுவது முதல் வேலை.

இனி பூச்சு. மண்டையோடு முழுக்கக் காய ஓரிரு வாரம் ஆகும். உள்ளே ஈரமோ எண்ணெயோ இருக்கும்போது பூசினால் அதை நாமே சிறைவைத்தது போல. கடையில் கிடைக்கும் பாலியூரித்தேன் வார்னிஷ் முதலில் மினுங்கும். வெளிச்சம் பட்டுப்பட்டு மஞ்சளாகும். அதைப் பிறகு நீக்கவும் முடியாது. தரை மெருகுத் திரவமோ, நீர்த்த வெள்ளைப் பசையோ பூசுகிறவர்கள் உண்டு. மலிவு, உட்புறச் சுவருக்குப் போதும்.

அருங்காட்சியகங்கள் நம்புவது பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை. கண்ணாடி மணிபோல இருக்கும் அதை அசிட்டோனில் 5 முதல் 10 சதவீதம் கரைத்தால் தண்ணீர் போன்ற திரவம் கிடைக்கும். தூரிகையில் தொட்டு எலும்பில் வைத்ததும் உறிஞ்சப்பட்டுவிடும். அசிட்டோன் ஆவியாகி, பிசின் மட்டும் நுண்துளைகளில் தங்கி உதிரும் பரப்பைப் பிடித்துக்கொள்ளும். பல பத்தாண்டுகள் மஞ்சளாவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாம் என்றால் அசிட்டோனில் மறுபடி கரைத்து எடுத்துவிடலாம். பின்னால் வருகிறவர் இன்னும் நல்ல முறையோடு வந்தால் அவருக்கு வழிவிட வேண்டும் என்பது பாதுகாப்புக் கலைஞர்களின் அறம். கழன்ற பற்களை ஒட்டவும் இதே பிசினைக் கெட்டியாகக் கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒரு குறை: ஏறத்தாழ 40 டிகிரியில் இது இளகத் தொடங்கும். கத்திரி வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ வெயில் விழும் சுவரில் மாட்டினால் தூசி ஒட்டிக்கொள்ளும். நிழலான, காற்றோட்டமுள்ள சுவர் வேண்டும். பூச்சே வேண்டாம், சரியாகக் கொழுப்பு நீக்கிய எலும்பு தானே நிற்கும் என்பவர்களும் உண்டு. வீட்டுக்குள் தூசியில்லாத இடமென்றால் அவர்கள் சொல்வதுதான் சரி. மழையும் வெயிலும் படும் தாழ்வாரத்தில் எந்தப் பூச்சும் நெடுநாள் காப்பாற்றாது.

இந்தியாவில் மைசூரு நகரின் வான் இங்கன் நிறுவனம் 1900 முதல் 1999 வரை வேட்டை விலங்குகளைப் பதப்படுத்தி உலகெங்கும் அனுப்பியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் காலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பழைய மண்டையோடோ கொம்போ வீட்டில் இருந்தால் அதற்கு உரிமைச் சான்றிதழ் வேண்டும். காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் புள்ளிமான் கொம்பை எடுத்துவந்து அலமாரியில் வைப்பதும் குற்றமே. அது அரசுக்குச் சொந்தம். கண்டால் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

கற்க விரும்புகிறவருக்கு ஆட்டுத்தலை இருக்கிறது. உயிரியல் ஆசிரியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடைக்குச் சீக்கிரமாகப் போய், தலையை வாட்டுவதற்கு முன்பு, மூளைக்காக இரண்டாகப் பிளப்பதற்கு முன்பு, முழுசாகக் கேட்டு வாங்கினால் போதும். மூடியுள்ள வாளி ஒன்று, சல்லடை ஒன்று, பாத்திரம் துலக்கும் திரவம், மருந்துக்கடைப் பெராக்சைடு இரண்டு மூன்று புட்டி. வாளியைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், காற்று வீசும் திசைக்கு மறுபக்கம் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் தானே வெதுவெதுப்பாக இருக்கும். மூன்று வாரத்தில் கொம்புறை கழன்று, உள்ளேயுள்ள எலும்புத் தண்டு வெளித்தெரியும். ஆட்டுக்கும் மானைப் போலவே மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. பற்களும் அதே 32தான்.